தீவுக்குக் குடிபோகும் முன்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகளின் படிப்பு இந்த ஆண்டோடு முடிகிறது.

நகரத்து இரைச்சல் போதும், சின்னத் தீவு ஒன்றில் போய் இருந்துவிடலாமா என்று நீயும் வசந்தாவும் யோசிப்பதாக எழுதியிருந்தாய். போகலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் முதலில் தண்ணீரைப் பார், அடுத்துப் படகைப் பார். வீட்டையும் கடற்கரையையும் கடைசியில் பார்த்தால் போதும்.

சின்னத் தீவில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீர் கொஞ்சம் கனமானது, அதனால்தான் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அடியில் சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது 1888-இல் பாடன் கைபென், 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு பொறியாளர்கள் சொன்ன கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இறைத்து இறைத்து நீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் இறக்கினாலும், அடியிலிருந்து உப்புநீர் நான்கு மீட்டர் ஏறப் பார்க்கும் என்பதும் அதே கணக்குதான். தண்ணீர் போதவில்லை என்று ஆழமாக போர் போடுகிறவர்கள் உப்பைத் தேடிப் போகிறார்கள். ஆழமில்லாத, வாய் அகன்ற கிணறு, அரை குதிரைத்திறன் மோட்டார், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் இறைப்பு: அங்கே இதுதான் சரி.

கிணற்றைக் கோடைக் கடைசியில் போய்ப் பார். மழை முடிந்த கையோடு பார்த்தால் எந்தக் கிணறும் இனிக்கத்தான் செய்யும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று எடுத்துப் போ. இறைக்கும் முன் ஒரு அளவு, ஒரு மணி நேரம் இறைத்த பின் ஒரு அளவு எடு. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். 1000 தாண்டினால் வாயில் வைக்க முடியாது. முதல் அளவு 450 ஆக இருந்து இரண்டாவது 900-க்கு ஏறினால், அந்த வீட்டை விட்டுவிடு. கழிவுநீர்க் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்றும் பார். மணல் நிலத்தில் கிருமி வேகமாகப் பரவும், அங்கே 15 மீட்டரும் போதாது.

மழைநீர்த் தொட்டி கட்டாயம் வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சிந்துவதையும் ஆவியாவதையும் கழித்து 80 சதவீதம் என்று வைத்துக்கொள். நீங்கள் மூன்று பேர், ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர், மழையில்லாத நாள் 120 என்றால் 18,000 லிட்டர் ஆகிறது. 100 சதுர மீட்டர் கூரைக்கு 225 மில்லிமீட்டர் மழை வந்தால் அது நிரம்பிவிடும். பறவை எச்சமும் உப்புத்தூசியும் முதல் மழையில்தான் கழுவிக்கொண்டு வரும். அந்த நீரில் 100, 200 லிட்டரைத் தனிக் குழாயில் வெளியே விட்டபிறகே தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

அடுத்து படகு. கால அட்டவணையை நம்பாதே. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேர்ந்தாற்போல் அதிகபட்சம் எத்தனை நாள் படகு ஓடவில்லை என்று படகுத்துறையில் வேலை செய்கிறவர்களிடம் கேள். அதைப்போல் இரண்டு மடங்கு நாளுக்கு அரிசி, பருப்பு, மருந்து, எரிவாயு எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும். பெட்ரோல், பெயின்ட், சிலிண்டர் போன்றவற்றைப் பெரும்பாலும் பயணிகள் படகில் ஏற்ற மாட்டார்கள். சரக்குப் படகு வரும் நாளைத் தனியாகக் குறித்துவை. மோட்டாருக்கு ஒரு கெப்பாசிட்டர், ஒரு சீல், குழாய்களுக்கு வாஷர் எல்லாம் கைவசம் இருக்கட்டும். கெப்பாசிட்டர் போனால் மோட்டார் உறுமும், சுற்றாது; அந்தச் சின்னப் பொருளுக்காக வீடு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்கும்.

அம்மாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மூளையில் இரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், உறைந்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு அப்படி ஆனால் அக்கரை மருத்துவமனைக்கு எப்படிப் போவது, யார் படகு தருவார், ஸ்கேன் எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் இல்லாமல் அவரை அழைத்துப் போகாதே. இன்சுலின் இருப்பு 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் நிற்கும் இடமென்றால் பிரிட்ஜுக்கு பேட்டரி வேண்டும்.

உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்னும். ஏசியின் வெளிப்பெட்டியில் செம்புக் குழாயை ஒட்டிய அலுமினியத் தகடு, விரல் பட்டாலே வெள்ளைப் பொடியாக உதிரும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் ஆயுள் கூடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கினால் 304 ரகம் வேண்டாம், உப்பை அதிகம் தாங்கும் 316 ரகம் வாங்கு. வீடு வாங்கும்போது தூணிலும் கூரையின் அடியிலும் கம்பி ஓடும் வாக்கில் நீள வெடிப்பு இருக்கிறதா பார். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று அர்த்தம். மேலே பூசி மறைத்தால் தீராது.

உன் வேலை இணையத்தை நம்பியது. ஒரே கடலடிக் கேபிளில் ஓடும் தீவா என்று விசாரி. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து, பசிபிக் தீவு நாடான டோங்காவின் கேபிள் அறுந்தபோது, பிரதான தீவுக்கே கேபிள் இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது.

இவ்வளவு சொன்னாலும், நீ தேடுவது அங்கே உண்மையாகவே இருக்கிறது. இரவு வண்டிச் சத்தமில்லாத தூக்கம், தினம் மிச்சமாகும் பயண நேரம், கதவைத் தட்டினால் திறக்கிற அக்கம்பக்கம். இவற்றைக் குறைத்து மதிக்காதே. அதே அக்கம்பக்கத்துக்கு உன் வீட்டு விஷயம் எல்லாம் தெரியும் என்பதும் சேர்ந்தே வரும். வசந்தாவுக்கு அது ஒத்துவருமா என்று கேள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள். லட்சத்தீவுக்குள் போகவே முன் அனுமதி வேண்டும். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் வதிவுரிமை இல்லாதவர் நிலம் வாங்குவது சுலபமல்ல. எங்கே போனாலும் இப்போதைய வீட்டை விற்றுவிடாதே, வாடகைக்கு விடு. தீவில் வீடு வாங்குவது எளிது, திரும்ப விற்க ஆள் கிடைப்பது அரிது. அங்கேயும் ஒரு வருடம் வாடகைக்கு இரு. அந்த வருடத்தில் கொந்தளிப்பு மாதங்கள் முழுசாக வர வேண்டும்.

நீ பார்த்து வைத்திருக்கும் வீட்டின் கூரை அளவையும் கிணற்றின் ஆழத்தையும் எழுது. தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிவராமன்