‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று சொல்லாதவர்களுக்கு நன்றி

எங்கள் லைன் வீட்டு அக்காமார்களுக்கும், செக்கிங் செக்‌ஷன் தோழிகளுக்கும், நர்சம்மாவுக்கும், இன்னும் சிலருக்கும் வணக்கம்.

எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். காலையில் தின்கிற இட்லி வயிற்றிலேயே தங்குகிறது. பக்கத்து வீட்டுச் சாம்பார் வாசம் வந்தால் பசிக்கிறது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று சிலர் சிரிக்கலாம். மசக்கையில் பச்சைத் தண்ணீரைக்கூட வாந்தியெடுத்தவளுக்கு இது பெரிய செய்தி. நேரில் சொல்ல வந்தால் நான் அழுதுவிடுவேன், நீங்களும் “அட, போ அம்மிணி” என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர் லைன் வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக: வரிசையாக ஒற்றை அறைகள், எல்லார் வீட்டுச் சமையலும் ஒரே வாசலில் மணக்கும், கக்கூஸும் குளியலறையும் கடைசியில் பொதுவாக. எட்டரை மணி ஷிப்ட்டைப் பிடிக்க அத்தனை பேரும் வாளியோடு நிற்கிற நேரத்தில்தான் எனக்குக் குடலைப் புரட்டும். வாயைப் பொத்திக்கொண்டு நான் ஓடி வந்தால் வரிசை தானாக விலகும். யாரும் முகம் சுளித்ததில்லை. கழுவிவிட ஒரு வாளித் தண்ணீரை ஐந்தாம் நம்பர் அக்கா தனியாகப் பிடித்து வைத்திருப்பார். நான் கேட்டதே இல்லை.

இரண்டாம் நம்பர் அக்கா, நீங்கள் காலையில் தாளிப்பதையே நிறுத்திவிட்டீர்கள். “ராத்திரியே குழம்பு வெச்சுட்டா வேலை சுலுவுங்” என்று காரணம் வேறு சொன்னீர்கள். வெங்காயம் வதங்கும் வாசத்துக்கு நான் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

கடைசி வீட்டு ஒடிசா அக்காவுக்குத் தமிழ் பாதிதான் வரும், எனக்கு அவர் மொழி ஒரு சொல்லும் வராது. சூடான சோற்றின் ஆவி மூக்கில் பட்டாலே நான் எழுந்து ஓடுவதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் அவர்கள் ஊர்ப் பகாளாவை, அதாவது தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து டம்ளரில் கொண்டுவந்து நீட்டினார். குளிர்ந்து இருந்ததால் வாசமே இல்லை. நாலு வாய் குடித்தேன், நின்றது. வேடசந்தூர்ப் பக்கம் பிறந்து நீராகாரம் குடித்தே வளர்ந்தவள் நான். எனக்கோ என் வீட்டுக்காரருக்கோ அது தோன்றவில்லை, ஒடிசாவிலிருந்து வந்தவருக்குத் தோன்றியது. ஆறின சாப்பாட்டில் வாசம் அடங்கிவிடும், குமட்டலுக்கு அதுவே நல்லது என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

கம்பெனியில் என் டேபிளுக்குப் பக்கத்தில்தான் எண்ணெய்க் கறை எடுக்கக் கெமிக்கல் அடிப்பார்கள். சூப்பர்வைசர் அண்ணன் ஒரு வார்த்தையும் கேட்காமல் என்னை வாசல் ஓரம் நூல் வெட்டும் இடத்துக்கு மாற்றினார். வாந்தியெடுக்க வைத்துக்கொள் என்று பேக்கிங் பெண்கள் ரிஜெக்ட் ஆன பாலிபேக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். ஏற்றுமதி பாலிபேக்கில் காற்று போக ஓட்டை இருக்கும். ஓட்டை இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்த தங்கச்சிகளே, நீங்கள் நல்லா இருக்க வேண்டும்.

ஆபீஸில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டு வேலை பார்க்கும் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. பிரசவ விடுப்பு 26 வாரம் என்பது எல்லாருக்கும் தெரியும். கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, டாக்டர் சான்று இருந்தால், அதற்கு மேலும் ஒரு மாதம் வரை இ.எஸ்.ஐ.யில் பணம் உண்டு என்பது எனக்கு இந்தத் தம்பி சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாழ்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நர்சம்மா. முதலில் நான் போன கிளினிக்கில், “வாந்தி வந்தா பிள்ளை நல்லா இருக்குன்னு அர்த்தம், போய்ச் சாப்பிடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். சாப்பிட முடிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாதான் என்னை மிஷினில் ஏற்றி நிறுத்தினார். 52 கிலோ இருந்தவள் 48-க்கு வந்திருந்தேன். “கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்த்து, கீட்டோன் இருக்கிறது, அதாவது சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே கரைக்கிறது, அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும் என்றார். இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே அது சாதாரண மசக்கை இல்லையாம்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, அந்தக் கூட்டத்திலும் நின்று விளக்கினீர்கள். டிரிப்ஸில் பி1 வைட்டமின் எதற்கு, இரும்புச்சத்து மாத்திரையை ஏன் மூன்று மாதம் கழித்துத் தொடங்குகிறோம், ஃபோலிக் மாத்திரையை மட்டும் ஏன் விடக்கூடாது என்றெல்லாம் சொன்னீர்கள். வாந்திக்குக் கொடுத்த டாக்ஸிலமின், பி6 சேர்ந்த மாத்திரையைப் பார்த்து மாமியார் பயந்தபோது அதட்டவில்லை. அமெரிக்காவில் வழக்குகளுக்குப் பயந்து 1983-ல் கம்பெனியே இந்தக் கூட்டு மருந்தை நிறுத்தியது, குழந்தைக்குக் கெடுதல் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை, 2013-ல் மறுபடி அனுமதி கிடைத்தது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். ராத்திரி போட்டால் விடியும்போது வேலை செய்யும், தூக்கமும் வரும் என்றீர்கள். இரண்டும் நடந்தது. வாந்தியெடுத்தவுடன் பல் துலக்காதே, வாய் மட்டும் கொப்பளி என்று சொன்னதும் நீங்கள்தான். இல்லாவிட்டால் பல்லும் போயிருக்கும்.

மாமியார் பயந்தார் என்று எழுதினேன், ஆனால் அவர்தான் என்னை முதலில் நம்பியவர். “நான் ஏழு மாசம் வரைக்கும் எடுத்தேன் தாயி, எனக்குத் தெரியும்” என்று போனில் சொன்னவர், மறுநாளே நார்த்தங்காய் ஊறுகாயோடு பஸ் ஏறி வந்துவிட்டார். எழுவதற்கு முன்பே வாயில் போட்டுக்கொள்ளத் தலைமாட்டில் பொரி வைத்தது அவர் ஏற்பாடு. இஞ்சிச் சாறும் கொடுத்துப் பார்த்தார். பலருக்குக் கேட்குமாம், எனக்கு நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் நிட்டிங்கில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, மீசையில் ஒட்டிய பஞ்சைத் தட்டக்கூட நேரமில்லாமல் பாத்திரம் கழுவினார். வாசம் எனக்கு ஆகவில்லை என்று சோப்பையும் மாற்றினார். இதற்கு மேல் பாராட்டினால் தலைக்கு ஏறிவிடும்.

பார்த்தே இராத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நர்சிங் படிக்கும் சித்தி மகள்தான் போனில் காட்டினாள். அமெரிக்காவில் மார்லினா ஃபெய்சோ என்று ஓர் ஆராய்ச்சியாளர். 1999-ல் இதே கடும் வாந்தியால் வயிற்றுப் பிள்ளையை இழந்தவர். அவரும் பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2023 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன்தான் முக்கியக் காரணமாம். கர்ப்பத்துக்கு முன்பு அது உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்கு, திடீரென்று ஏறும்போது பலமாகத் தாக்குகிறதாம். நான் வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறேன் என்று பேசிய சொந்தக்காரர் ஒருவருக்கு அதை அப்படியே அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

படிப்பவர் யாராவது இப்போது அந்த நிலைமையில் இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் முழுக்கக் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டாலோ, சிறுநீர் வராமல் போனாலோ, கறுத்துப் போனாலோ, தலை சுற்றினாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ யாருடைய வைத்தியத்துக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லைன் வீட்டு அக்காமாரே, ஏழாம் மாதம் ஊரில் வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமையாகத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஒன்றரை ஷிப்ட் என்று யாரும் தப்பிக்க முடியாது. வேனுக்கு இப்போதே சொல்லி வைத்தாயிற்று.

அன்புடன்,
எட்டாம் நம்பர் வீட்டுக்காரி