கத்திரி வெயிலில் காற்றைக் குறைக்காதீர்கள்: டிராவல்ஸ் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் டிராவல்ஸ் உரிமையாளர்களுக்கும், சுற்றுலா கார், வேன் ஓட்டுநர் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை நடத்துகிறேன். கொடைக்கானலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிற உங்கள் மஞ்சள் போர்டு வண்டிகளின் டயர்களைத் தினமும் கழற்றி மாட்டுகிறவன் என்ற முறையில், கோடை விடுமுறை புக்கிங் தொடங்குவதற்கு முன்பே உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

"வெயில் காலம், காற்றை நாலஞ்சு பாயின்ட் குறைச்சு வை, இல்லேன்னா டயர் வெடிச்சிடும்." எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைச் சொல்கிறார்கள். உரிமையாளர்கள் ஓட்டுநர்களிடம் சொல்கிறார்கள், மூத்த ஓட்டுநர்கள் புதிதாக வந்த தம்பிகளிடம் சொல்கிறார்கள். இது தவறு. சாதாரணத் தவறு அல்ல, ஆளைக் கொல்லும் தவறு.

நெடுஞ்சாலையில் வெடிக்கிற டயர்களில் பெரும்பாலானவை காற்று குறைந்து, உள்ளே சூடேறிக் கிழிபவை. வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கவாட்டுச் சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அந்த இடம் சுடுமே, அதேதான். ஏழு இருக்கை கார்களில் பரவலாக வரும் 185/65 ஆர்15 அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுழல்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் ஐம்பதாயிரம் மடிப்புகள். கீழே சாலை வேறு கொதிக்கிறது. உள்ளே இருக்கும் எஃகு இழைகளிலிருந்து ரப்பர் பிரியத் தொடங்கும். வெளியே எதுவும் தெரியாது. உளுந்தூர்பேட்டை வரை நன்றாக ஓடிய டயர் பெரம்பலூருக்கு முன்னால் உரிந்துகொண்டு போவது இப்படித்தான்.

சரி, ஓடினால் அழுத்தம் ஏறுகிறதே என்று கேட்பீர்கள். ஏறத்தான் செய்யும். காலையில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் பாயின்ட்) இருந்த டயர் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 37, 38 காட்டும். வண்டியைச் செய்தவர்கள் இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் 33 என்று எழுதியிருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அழுத்தம் என்று 44 அல்லது 51 அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில், "சார், 38 இருக்கு" என்று பதறி அதை 33-க்கு இறக்கினால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் இருப்பது 28 அல்லது 29தான். அந்தக் குறைந்த காற்றோடு முழு லோடு ஏற்றி வெயிலில் கிளம்புகிறீர்கள். சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை இறக்காதீர்கள். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, ஷெட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் பார்ப்பதுதான் சரியான அளவு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு வேண்டும் என்று இருக்கும். பல வண்டிகளில் ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவும், முழு லோடுக்குப் பின் டயருக்குக் கூடுதலாக வேறோர் அளவும் போட்டிருப்பார்கள். உங்கள் ட்ரிப் எல்லாமே முழு லோடுதானே? அப்படியானால் இரண்டாவது அளவுதான் உங்களுக்கு.

நைட்ரஜன் அடித்திருக்கிறோம், பார்க்க வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நைட்ரஜனும் இறங்கும், கொஞ்சம் மெதுவாக. அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்றுக் குறைவும் வெயிலும் லோடும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. டயரிலேயே குறை இருந்தது, உண்மை. ஆனால் அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பி.எஸ்.ஐ. மட்டுமே, ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. மேல்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டது அதிகமும் டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில்தான். 271 பேரின் சாவு அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டது. டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கை அந்த நாடு எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாக்கியது அதற்குப் பிறகுதான். அங்குள்ள விதிப்படி அந்த விளக்கு கால் பங்கு காற்று போன பிறகு எரிந்தால் போதும். உங்கள் புது வண்டியில் அந்த வசதி இருந்தாலும், விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்று சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது லோடு. இதில் ஓட்டுநர் மேல் பழி போடுவது அநியாயம். பார்ட்டியிடம் பேசி, "எல்லாம் ஏத்திக்கலாம் சார்" என்று ஒப்புக்கொள்வது உரிமையாளர். வாசலில் மூட்டைகளோடு நிற்கும் குடும்பத்திடம் முடியாது என்று சொல்ல வேண்டியவர் பேட்டாவுக்கு ஓடும் ஓட்டுநர். அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடையும் லோடோடு கூடிய எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் ஆள், பெட்டி, கேரியர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுமதி. நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய ஏழு இருக்கை கார்களில் அது 550 முதல் 600 கிலோவுக்குள் வரும். ஆளுக்கு 70 கிலோ என்றால் ஓட்டுநரோடு ஏழு பேர் 490 கிலோ. மிச்சம் 60 முதல் 110 கிலோதான். அதற்குள் கேரியரின் எடை, பெட்டிகள், 20 லிட்டர் தண்ணீர் கேன்கள், வழியில் சமைக்க அடுப்பு, அரிசி, அப்புறம் "குழந்தைதானே, மடியில உட்கார்ந்துக்கும்" என்று ஏறும் எட்டாவது, ஒன்பதாவது ஆள். கடைசி வரிசையும் அதற்குப் பின்னால் உள்ள டிக்கியும் பின் அச்சின் மேலும் அதைத் தாண்டியும் இருப்பதால் அங்கே ஏறும் எடையெல்லாம் பின் டயர்களைத்தான் அழுத்துகிறது. 185/65 ஆர்15 அளவுக்குப் பக்கத்தில் 88 என்ற எண் இருந்தால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்று பொருள். அது காற்று சரியாக இருக்கும்போது. காற்று இறங்கினால் தாங்கும் திறனும் கூடவே இறங்கும்.

கூரைக் கேரியரைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. பல கார்களில் கூரை தாங்கும் எடை, கேரியரையும் சேர்த்து, 50 முதல் 75 கிலோதான். அதன் மேல் தார்பாய் கட்டி நூற்றைம்பது கிலோ ஏற்றி கொல்லிமலைக்கு அனுப்புகிறீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் எடை இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது, அந்தப் பக்க டயர் மட்டும் பிழியப்படுகிறது. கனமான பெட்டிகள் கீழே, இருக்கையின் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். மேலே ஏற்றியே தீரவேண்டும் என்றால் துணிப்பை, பாய், தலையணை போதும். சாமான் அதிகம் என்றால் ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது பெரிய வண்டி கொடுக்க வேண்டும். புக்கிங் எடுக்கும்போதே "எத்தனை பேர், எத்தனை பெட்டி" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டால், காலை நான்கு மணிக்கு ஓட்டுநர் சண்டை போட வேண்டியதில்லை.

கூடுதல் ஆளுக்குத் தலைக்கு 200 ரூபாய்தான் அபராதம், கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் அந்த 200 ரூபாய் பின் டயருக்குத் தெரியாது.

டயர் தேய்மானம் பற்றி உங்களுக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 94-ன்படி காருக்கும் வேனுக்கும் பட்டன் (டயரின் மேல்பட்டைப் பள்ளம்) ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். பட்டன் இருந்தாலும் வயது பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் கடையில் கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருடம் ஆனதை, பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ஓட்டாதீர்கள். ஓடாமலே கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அதற்கு ஒட்டுப் போட முடியாது.

இன்னொன்று, கடையில் உங்களோடு அடிக்கடி வாக்குவாதம் ஆகிற விஷயம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றை முன்னால் போடச் சொல்கிறீர்கள். பின்னால்தான் போட வேண்டும், முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் ஸ்டீயரிங் பிடிக்குள் வரும். பின் டயர் வழுக்கினாலோ வெடித்தாலோ வண்டியின் வால் சுழன்றுவிடும், பிறகு எவ்வளவு அனுபவசாலிக்கும் கையில் ஒன்றும் இருக்காது. டயர் வெடித்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியதையும் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள்: ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியைத் தானாகவே வேகம் குறையவிட வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது.

இப்போது என் கோரிக்கை. ட்ரிப் ஷீட்டில் கிலோமீட்டர், டோல், டீசல் எல்லாம் எழுதுகிறீர்கள். அதில் கிளம்பும்போது ஸ்டெப்னியோடு ஐந்து டயர்களின் காற்றுக்கு ஐந்து கட்டமும், ஆள் எண்ணிக்கைக்கு ஒன்றும், கேரியர் எடைக்கு ஒன்றும் சேருங்கள். வண்டிக்குக் காற்று அளக்கும் நல்ல கேஜ் ஒன்று வாங்கிக் கொடுங்கள், சில நூறு ரூபாய்தான். பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, ஆனால் அங்குள்ள மீட்டரை மட்டும் நம்ப முடியாது. டயர் சரியில்லை, லோடு அதிகம் என்று ஓட்டுநர் சொன்னால் வண்டி கிளம்பாது, அதற்காக அவருடைய பேட்டா பிடிக்கப்படாது என்று சங்கமும் உரிமையாளர்களும் சேர்ந்து எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். இவற்றில் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கடைசி ஒப்பந்தம்தான், ஏனென்றால் இது இல்லாமல் அந்தக் கட்டங்களில் யாரும் உண்மையான எண்ணை எழுதமாட்டார்கள்.

ஏப்ரல் மாதச் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், மே மாத ட்ரிப்களுக்குப் புதுத் தாள் தயாராகிவிடும். காற்று பார்ப்பது எப்படி, ஸ்டிக்கரைப் படிப்பது எப்படி என்று ஓட்டுநர்களுக்குக் காட்ட ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், கேஜோடு வருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
நெடுஞ்சாலையோர டயர் கடைக்காரர்