நாலு பேரின் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் கல்வி இணைப்பில் பொதுத்தேர்வுக்குத் தயாராவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் விளையாட்டு விழாவுக்கும் அதன் ஒத்திகைக்கும் போகிற நாட்களைப் பள்ளிகள் மிச்சப்படுத்தலாம் என்று ஒரு வரி. மூன்று நாளாக அந்த வரி தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் தங்கள் பத்திரிகைதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது காசிமேடு. 1994-ல் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு ஹவுஸ். பி.டி. டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வரிசையாகப் பிரித்துவிடுவார். எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை, எதுவும் கேட்கமாட்டார். அப்போது எங்கள் குப்பத்துப் பெண்களுக்கும் பக்கத்துக் குடியிருப்புப் பெண்களுக்கும் குழாயடித் தகராறு. அங்கிருந்து வந்த ஒருத்தியோடு நான் இரண்டு வருடம் பேசவே இல்லை. அவளும் நானும் பச்சை. நாலு பேர் ஒருவர் கையிலிருந்து ஒருவர் குச்சி வாங்கி ஓடுகிற ரிலேயில் அவள் மூன்றாவது, நான் கடைசி.

ரிலே ஓடியவர்களுக்குத் தெரியும், குச்சி வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு, வந்துவிடும் என்று நம்பி ஓட வேண்டும். அன்றைக்குக் குச்சி மாற்ற 20 மீட்டர்தான், இப்போது அதை 30 ஆக்கிவிட்டார்கள். அந்த 20 மீட்டருக்காக ஒரு மாதம் சாயங்காலம் முழுக்க நாங்கள் சேர்ந்து ஓடினோம். பேசாமல் எப்படி ஓடுவது? விழாவில் எங்களுக்கு மூன்றாம் இடம். பல வருடம் கழித்து என் அப்பா இறந்த அன்று, சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்னால் அண்டா நிறைய டீயோடு வந்து நின்றது அவள்தான்.

அந்த விழாவுக்கு என் அம்மாவும் வந்தார். மீன் விற்றுவிட்டு வந்தவர், வாடை அடிக்குமே என்று கூடையோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். தலைமையாசிரியை பார்த்துவிட்டுக் கூட்டிப் போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எங்கள் பக்கம் பெற்றோர் பள்ளிக்கு வருவது எப்போது? மார்க் குறைந்தால் கூப்பிடுவார்கள், பிள்ளை யாரையாவது அடித்துவிட்டால் கூப்பிடுவார்கள். திட்டு வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போக வருடத்துக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. அதற்கப்புறம் அம்மா ஒரு பெற்றோர் கூட்டத்தையும் விட்டதில்லை. மிச்சப்படுத்தச் சொல்லி எழுதியவர் இந்த நாளைத்தான் சொல்கிறார்.

இன்றைக்கு என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டு முடிந்தால் பி.டி. பீரியட் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். திடலில் பாதியில் கட்டடம் வந்துவிட்டது, மீதிப் பாதியில் வண்டிகள் நிற்கின்றன. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீர் வடியப் பொங்கல் ஆகிறது. பந்துகள் பீரோவில், பீரோச் சாவி யாரிடம் என்று தேட வேண்டும். 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில் விளையாட்டுத் திடல் என்று எழுதியே இருக்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியராவது வேண்டும் என்றும் இருக்கிறது. தங்களுக்குத் தெரியாததா?

சரி, வெளியே ஓடட்டும் என்றால் எங்கே ஓடுவது? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பெண் பிள்ளையை அனுப்ப முடியுமா? கடற்கரை என்பீர்கள். துறைமுகச் சுவர் கட்டிய நாளிலிருந்து தெற்கிலிருந்து வருகிற மணல் அங்கேயே தடைபட்டு நிற்கிறது. மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. என் அப்பா ஓடிய மணலில் இன்றைக்குக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது.

இதையெல்லாம் எழுத தங்களுக்கு இடம் இருப்பதில்லை. வட சென்னை என்றால் வெட்டு, குத்து, ரவுடி, இதற்கு மட்டும் முதல் பக்கத்தில் இடம் கிடைக்கிறது. வியாசர்பாடியில் தினமும் பந்து உதைக்கிற பிள்ளைகளுக்கு எத்தனை வரி வந்திருக்கிறது? 2024-ல் எங்கள் பக்கத்துப் பெண் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகுதான் எல்லோரும் கேமராவோடு வந்தீர்கள். அதற்கு முன்னால் அவள் ஆடிய வருடங்களில் யாராவது வந்து பார்த்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்.

என் மனதை நிஜமாக நோகடித்தது இன்னொன்று. போன வருடம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையே நடக்கிற குறுவட்டப் போட்டியில் என் மகள் பள்ளி 4×100 ரிலேயில் முதலிடம் வந்தது. தங்கள் பத்திரிகையில் செய்தியும் வந்தது, அதற்கு நன்றி. ஆனால் கடைசியாக ஓடிய பெண்ணின் பெயரும் படமும் மட்டும்தான் இருந்தன. என் மகள் இரண்டாவதாக ஓடியவள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். முதலில் ஓடிய பெண்ணின் அம்மா வீட்டு வேலை செய்கிறவர். காலையிலேயே நாலு பேப்பர் வாங்கிவிட்டு, மகள் பெயர் எங்கே இருக்கிறது, படித்துக் காட்டுங்கள் என்று என்னிடம் கொண்டு வந்தார். நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அவருக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

அந்தக் கட்டுரைக்கு மறுப்புப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த வருடம் குறுவட்டப் போட்டி முடிவுகள் வரும்போது ரிலேயில் ஓடிய நாலு பேரின் பெயரையும் தயவுசெய்து போடுங்கள். பள்ளியிலிருந்து நாலு பெயரும் எழுதித்தான் அனுப்புகிறார்கள். தங்களுக்கு ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81