கீழ்வீட்டில் கேட்ட காலடி

அன்புடையீர், வணக்கம்.

நேற்று ஊன்றுகோல் இல்லாமல் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தேன். இடக்கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை என்பதால், நான் சொல்லச் சொல்ல இம்மடலை என் மகள் எழுதுகிறாள்.

பக்கவாதம் வந்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், இரவெல்லாம் விழித்திருந்த உறவினர்கள், செவிலியர்கள், கொடுத்த பணத்தைப் பற்றி இதுவரை வாய் திறக்காத நண்பர்கள் ஆகிய அனைவருக்கும் நேரில் வந்து நன்றி சொல்வேன். இயன்முறை மருத்துவருக்கும் அவ்வாறே. அவர் முதலில் என் நடையை எண்ணினார். நிமிடத்துக்கு 60 அடி. கைபேசியில் மெட்ரோனோமை, அதாவது சீரான இடைவெளியில் ஒலிக்கும் தாளக் கருவியை, அதே 60இல் ஒலிக்கவிட்டு, ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் அடி வைக்கச் சொன்னார்; கால் ஒலியோடு இணங்கிய பிறகே 63 ஆக்கினார். 1990களில் மைக்கேல் தாவ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் பக்கவாத நோயாளிகளிடம் ஆராய்ந்த முறை இது என்றும், அடுத்த ஒலி எப்போது விழும் என்பதைக் காது முன்கூட்டியே அறிந்துவிடுவதால் கால் அதற்குத் தயாராகிவிடுகிறது என்றும் விளக்கினார். பாட்டு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாளம் தெளிவாக இருந்தால் சரி, ஆனால் நீங்கள் ரசிக்க நின்றுவிடுவீர்கள் என்றார். என்னை நன்றாகவே அறிந்திருக்கிறார்.

இரவுப் பணி முடிந்து விடியலில் உறங்கும் கீழ்வீட்டு அம்மாவின் தலைக்கு மேல்தான் இத்தனையும் நடந்தது. அவர் ஒருநாள் கதவைத் தட்டியபோது என் மனைவி மன்னிப்புக் கேட்கத் தயாராகவே கதவைத் திறந்தாள். அவர் சொன்னது வேறு: "முன்பெல்லாம் ஓர் அடி விழும், பிறகு காலை இழுக்கும் ஓசை வரும், அதற்குப் பிறகுதான் அடுத்த அடி. இரண்டு நாளாக அந்த இழுப்பு இல்லை. சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தேன்."

மரத்த கால் தான் எப்போது தரையைத் தொட்டது என்பதை எனக்குச் சொல்லவில்லை. கூரை வழியாக அவர் கேட்டுச் சொன்னார். இரண்டு அடிகளுக்கும் இடையிலான நேரம் சமமாகிறதா என்பதைத்தான் மருத்துவரும் அளந்துகொண்டிருந்தார். ஓசையைக் குறைக்க நாங்கள் விரித்திருந்த கனத்த விரிப்பையும், "எடுத்துவிடுங்கள், சரியாகக் கேட்கவில்லை, கால் தடுக்கவும் செய்யும்" என்று கீழ்வீட்டு அம்மாவே எடுக்க வைத்தார். அதன் பிறகு காலைதோறும் ஒரு குறுஞ்செய்தி: "இன்று சமம்", அல்லது "கடைசிச் சுற்றில் இடது தாமதம்".

அம்மா, நாளை முதல் பயிற்சியை மாலைக்கு மாற்றிக்கொள்கிறேன். மெட்ரோனோமை நிறுத்திவிட்டு நடக்கும் கட்டம் தொடங்குகிறது. அதற்கும் உங்கள் காது வேண்டும், ஆனால் நீங்கள் தூங்கி எழுந்த பிறகு.