பின் ஆக்ஸில் டிஃப்ரன்ஷியல் கார்டு: உங்கள் தாளில் உள்ள 4ஆம் வரி பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் வெல்டு-ஆன் டிஃப் கார்டை வாங்கிப் பொருத்திய வாடிக்கையாளர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: கார்டு பொருத்தியபின் ஆக்ஸில் ஹவுசிங் வளைந்தது, நீங்கள் அனுப்பிய பதில் குறித்து

ஐயா / அம்மா,

உங்கள் டிஃப் கார்டு, பின் ஆக்ஸிலின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் டிஃப்ரன்ஷியலைக் கல் அடியிலிருந்து காக்க அடியில் பற்றவைக்கும் இரும்புக் கவசம். அதைப் பொருத்தியபின் ஆக்ஸில் ஹவுசிங், அதாவது ஆக்ஸிலின் வெளிக்கூடு, வளைந்தது பற்றிய என் முதல் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய இரண்டு வரிப் பதில் வந்து சேர்ந்தது. "பொருத்தியவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பாதிப்பு. உத்தரவாதத்தில் வராது." அந்த முதல் வரிக்காகத்தான் மறுபடி எழுதுகிறேன். பணம் இரண்டாவது.

என் வண்டி நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே கூடு இணைக்கும். ஓடைக்கல் மேல் ஏறும்போது பின் டிஃப்ரன்ஷியல் வயிறுதான் முதலில் அடி வாங்கும். அந்த இடத்தில் தகடு மெல்லிசு. ஒருமுறை நசுங்கி உள்ளே போய்விட்டால் உள்ளே சுழலும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் உரசும். கிழிந்தால் கியர் ஆயில் மொத்தமும் பாறையிலேயே போய்விடும். அதனால்தான் 6 மி.மீ. தகட்டில் செய்த உங்கள் கார்டை வாங்கினேன். தகடு நல்ல தகடு. அதில் எனக்குக் குறையே இல்லை.

குறை வைத்துப் பார்த்ததிலேயே தொடங்கியது. ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்குக்காக நீங்கள் வெட்டியிருக்கும் ஓட்டை 9 மி.மீ. தள்ளி இருந்தது. பிளக் கண்ணுக்குத் தெரிகிறது, அதைத் திருகும் சாக்கெட் ஸ்பேனர் உள்ளே இறங்கவில்லை. உங்கள் ஆளிடம் போனில் கேட்டபோது "கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்" என்றார். நகர்த்தினால் மறுபக்க விளிம்பு ஹவுசிங்கைத் தொடாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. கடைசியில் கிரைண்டரால் ஓட்டையை அகலப்படுத்திக்கொண்டோம். வெல்டு பிடிக்கும் விளிம்பு வரைக்கும் பவுடர் கோட்டிங் வேறு அடித்து அனுப்பியிருந்தீர்கள். பற்றவைக்கப் போகிற பொருளுக்கு எதற்குப் பெயின்ட் என்று வெல்டர் சிரித்தார். அதையும் சுரண்டி எடுத்தோம். இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இருக்காது.

கார்டோடு வந்த தாளில் மொத்தம் ஆறு வரிகள். 4ஆம் வரி: "விளிம்பு முழுவதும் இடைவெளி விடாமல் தொடர்ச்சியாக வெல்டு செய்யவும்."

என் வெல்டர் அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்றார். "ரெண்டு அங்குலம் அடிப்போம், எதிர்ப்பக்கம் போய் ரெண்டு அங்குலம் அடிப்போம், கை வைக்கிற அளவுக்கு ஆறட்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் ஆக்ஸில் இழுத்துக்கும்" என்றார். நான்தான் கேட்கவில்லை. செய்தவர்களுக்குத் தெரியாததா, தாளில் உள்ளபடியே அடியுங்கள் என்று சொன்னவன் நான்தான். இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

மற்றபடி அந்த மனிதர் செய்ததில் எதுவுமே உங்கள் தாளில் இல்லை. பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஆயிலை வடித்தார். ஹவுசிங்கை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தார். வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்ப்பை வண்டியின் சேஸிஸில் போடாமல் பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஹவுசிங்கிலேயே போட்டார். சேஸிஸில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் உருளைகளில் குழி போட்டுவிடும் என்றார். சூடான காற்று வெளியேற, ஹவுசிங்கின் காற்றுத் துவார மூடியான பிரீதரைக் கழற்றிவிட்டார். உள்ளே ஒட்டியிருந்த மிச்ச எண்ணெய் கருகி அந்தத் துவாரம் வழியாகப் புகை வந்துகொண்டே இருந்தது. அதை அடைத்து வைத்திருந்தால் அந்த அழுத்தம், ஆக்ஸில் முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலில்தான் போய் முட்டியிருக்கும். இவரைத்தான் கவனக்குறைவு என்கிறீர்கள்.

2,000 கி.மீ. ஓடியபின் வலது பின் சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தது. டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ கியர் ஆயிலில் ஊறிக் கிடந்தது. இரண்டு பின் டயர்களின் வெளி ஓரமும் தேய்ந்திருந்தன. டயர் மேல் கையை வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுக்குகிறது, உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பம் மாதிரி அறுக்கிறது. டேப் பிடித்து அளந்தோம்: இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே முன்பக்க இடைவெளி, பின்பக்கத்தைவிட 6 மி.மீ. குறைவு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பி நிற்கின்றன. ஸ்டீயரிங்கால் திருப்ப முடியாத பின் ஆக்ஸிலில் இந்த வித்தியாசம் வருவதற்கு ஹவுசிங் வளைவதைத் தவிர வேறு வழி இல்லை.

உங்கள் கார்டு ஹவுசிங்கின் அடியிலும் முன்பக்கத்திலும் மட்டும் உட்காருகிறது. அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஓட்டமாக வெல்டு ஓட்டினால், ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி, குழாயின் இரு முனைகளையும் முன்னாலும் கீழேயும் இழுக்கும். குழாய்க்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட், சீலின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக உரசும், எண்ணெய் கசியும். வெல்டு செய்து பொருத்தும் பொருளை விற்கிற கம்பெனிக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். என் ஹவுசிங் அழுத்திச் செய்த ஸ்டீல், அதனால் வளைந்ததோடு போயிற்று. நடுப்பகுதி வார்ப்பிரும்பாக உள்ள ஆக்ஸில்களும் உண்டு. அதில் முன்சூடு கொடுக்காமல், சாதாரண வெல்டிங் கம்பியால் இதே 4ஆம் வரியைப் பின்பற்றினால் வெல்டின் ஓரத்திலேயே விரிசல் விடும். எந்த ஹவுசிங்குக்கு இந்தக் கார்டு என்றுகூடத் தாளில் ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஹவுசிங்குக்குச் சூடு கொடுத்து நேராக்கிய கூலி, இரண்டு ஆயில் சீல், வலப்பக்க பேரிங், ஊறிப்போன பிரேக் ஷூக்கள், இரண்டு டயர்கள், இவற்றுக்கான பில் தொகை. கார்டின் விலையை நான் கேட்கவில்லை. விளிம்பை அங்கங்கே அறுத்துவிட்டு அதையே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 4ஆம் வரியை மாற்றுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரிவியுங்கள். வெல்டர் மேல் பழி போட்ட அந்த வரியைத் திரும்பப் பெற்று எழுத்தில் அனுப்புங்கள். அதன் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

உங்கள் தாளின் நகல், அளவெடுத்தபோது எடுத்த படங்கள், பில்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கழற்றிய சீல்களையும் டயர்களையும் தூக்கிப் போடவில்லை, ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே காகிதங்களோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்