கடைசி ஆளின் கடிதம்

நம் மலைநடைக் குழுவின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். அடுத்த ஆண்டிலிருந்து மாதாந்திரப் பாதை வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மெதுநடையும் கிடையாது. புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வேகத் தேர்வு உண்டு. மிச்சமாகும் ஆட்களையும் நேரத்தையும் சிகரப் பயணங்களுக்குத் திருப்பிவிடுவதாகத் திட்டம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதினால் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பத்தாண்டுக்கும் மேலாக இந்தக் குழுவில் கடைசி ஆளாக நடப்பவன் நான். யாரும் பின்தங்கி விடுபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்னால் போகிறவர்களை நான் பார்ப்பதே உச்சியில்தான். ஆனால் யாருடைய ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளக்கப்போகிறது, யார் காலையிலிருந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே இல்லை, யார் முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு ஜோக் அடிக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பாதை வேலை. நம் பாதையின் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு நினைவிருக்கிறதா? இறங்கும்போது சுற்றி வரச் சோம்பல்பட்டு நேராகக் குறுக்கே இறங்குவோமே, அந்த இடம். பத்துப் பேர் இறங்கினால் புல் படுத்துக்கொள்ளும். நூறு பேர் இறங்கினால் செத்துப்போகும். பிறகு மழை பெய்தால் தண்ணீர் என்ன வளைவைச் சுற்றியா வரும்? நாம் காட்டிக் கொடுத்த நேர்வழியில்தான் இறங்கும், மண்ணையும் அள்ளிக்கொண்டு. போன மழைக்கு அங்கே வேர்களெல்லாம் வெளியே தொங்கின. நான் உள்ளே இறங்கி நின்றபோது பள்ளம் முழங்காலைத் தொட்டது.

அதற்கு மேலே பாதைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, கல் பதித்திருக்கிறோம். அதைப் படிக்கட்டு என்று நினைப்பவர்கள் குழுவிலேயே இருக்கிறார்கள், நிர்வாகக் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். அது படி இல்லை. பாதை வழியே ஓடிவரும் தண்ணீரை ஓரமாகத் திருப்பிச் சரிவில் விடுவதற்கான தடுப்பு. கல்லுக்கு மேல்பக்கம் மெல்ல மெல்ல வண்டல் சேரும். மழைக்காலத்துக்கு முன் அதை வழித்துப் போடாவிட்டால் தண்ணீர் கல்லைத் தாண்டிக் குதித்து, கீழே குழி பறித்து, கடைசியில் கல்லையே பெயர்த்துவிடும். ஒரு தடுப்புக்கு ஒரு மண்வெட்டி, கால் மணி நேரம். ஒரு வருடம் விட்டால் அதுவே ஒரு நாள் வேலை. சில வருடம் விட்டால் பாதையை வேறு இடத்தில் வெட்ட வேண்டியதுதான். இது தெரிந்துதான் வேலையை நிறுத்துகிறீர்களா?

உலகத்தில் பேர்பெற்ற நடைபாதைகள் பலவற்றைப் போட்டுக் காத்துவருவதே நம்மைப் போன்ற குழுக்கள்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1910இல் தொடங்கிய கிரீன் மவுண்டன் கிளப்புக்கு, லாங் டிரெயில் என்ற பாதையை வெட்டி முடிக்க 20 ஆண்டுகள் பிடித்தன. சுமார் 440 கிலோமீட்டர். அதே நாட்டில் பென்டன் மெக்கே என்ற வனவியலாளர் 1921இல் யோசனை சொன்ன அப்பலாச்சியன் பாதை 1937இல்தான் முழுதாக இணைந்தது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அதை இன்றும் சுமார் 30 குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டு பராமரிக்கின்றன. அந்தப் பாதை முழுவதையும் முதலில் நடந்து முடித்தவர் என்று சொல்லப்படும் மைரன் ஏவரி, தூரம் அளக்கும் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே நடந்தவர். சிகரத்தில் கைகளை விரித்து நிற்கும் நம் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சக்கரம்தான் ஞாபகம் வரும்.

அடுத்து வேகத் தேர்வு. நெய்ஸ்மித் விதியை அடிப்படையாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு அது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் 3 மணி 24 நிமிடம். அதுவும் திடமானவர், நல்ல பாதை, நிற்காமல் நடந்தால். இருட்டுவதற்குள் திரும்ப எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்ப்பதற்கான கணக்கு இது. ஆளை நிறுத்தி எடை போட அல்ல. கடைசி ஆளாக நான் போடும் கணக்கு வேறு: குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம். இதற்கு யாரும் விதி எழுதத் தேவையில்லை, ஒரு தடவை பின்னால் நடந்து பார்த்தால் போதும்.

1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு போன்ற தொழில் நகரங்களிலிருந்து சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்துக்குள் தடையை மீறி நடந்தார்கள். வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த நிலம். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நாட்டின் தேசியப் பூங்காக்களுக்கும் பொது நடைவழிகளுக்கும் வழி செய்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த நடையையும் சேர்த்தே பேசுகிறார்கள். அவர்களுக்கு யாரும் வேகத் தேர்வு வைத்ததாகத் தெரியவில்லை.

மெதுநடையைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரே வரி: 'பயன் குறைவு.' இரண்டு வருடம் முன்பு மூடுபனியில் ஒரு சிறுவன் வழி தவறிய சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். மீட்புக் குழு வந்து, கிழக்குச் சரிவில் பழைய மாட்டுத் தடம் எங்கே பிரிகிறது என்று கேட்டது. சிகரம் தொட்ட நம் வீரர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். சொன்னவர் மெதுநடைக்கு வரும் பெரியவர். இரண்டு முழங்காலிலும் கட்டு. மேலே ஏற முடியாது, அடிவாரத்தில் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்புறம் வரைந்து கொடுத்தார். ஒரு பாறை, ஒரு காய்ந்த மரம், அதற்கு இடப்பக்கம் தடம். பையன் அந்தத் தடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஞாயிறுதோறும் நத்தை மாதிரி நடந்து நடந்து அவர் கண்ணில் பதிந்த மலை அது. உங்கள் தேர்வில் அவர் முதல் மேட்டிலேயே தோற்றுவிடுவார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இளையவர்களுக்குச் சிகரப் பயணம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பாதை வேலைக்கு வருவது ஆறேழு பேர்தான் என்று நீங்கள் எழுதியதும் உண்மை. அதில் பாதிப் பழி என்னுடையது. புதியவர்கள் வந்தால் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு நான்பாட்டுக்கு முன்னே போய்விடுவேன். எதற்காக வெட்டுகிறோம் என்று உட்கார வைத்துச் சொன்னதில்லை. தெரியாத வேலைக்கு யார் இரண்டாம் முறை வருவார்கள்?

அதனால் கேட்பது இதுதான். வேகத் தேர்வைக் கைவிடுங்கள். மெதுநடையை நீங்கள் நடத்த வேண்டாம், நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம், குழுவின் பெயரும் முதலுதவிப் பையும் மட்டும் எங்களோடு இருக்கட்டும். இரண்டு சிகரப் பயணம் போகிறவர் ஒரு நாள் பாதை வேலைக்கு வர வேண்டும் என்று ஒரு வரியைச் சேருங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு மூன்றாவது வளைவில் இருப்பேன். மழைக்கு முன் ஏழு தடுப்புகளையும் வழித்தாக வேண்டும். என்னிடம் மூன்று மண்வெட்டி இருக்கிறது. அதில் ஒன்றுக்குப் பிடி ஆடுகிறது, வருகிறவர் யாராவது ஒரு ஆப்பு கொண்டுவந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் கடைசி ஆள்