மரச்சட்ட மாடிக்குச் சீமெந்துப் பூச்சு: தவறான ஆலோசனை பற்றிய புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
12.07.2025

பொது முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: மேல்மாடிச் சுவர் நனைந்து உளுத்தல் – வெளிப்பூச்சை அகற்றிப் பலகை அடித்துத் தருமாறு கோரல்

மதிப்பிற்குரிய ஐயா,

2024 பெப்ரவரியில் நீங்கள் கட்டி ஒப்படைத்த எங்கள் மேல்மாடியின் கடற்பக்கச் சுவர் உள்ளே உளுத்துப் போயிருக்கிறது. பூச்சில் வெடிப்புகள் விழுவதாக மே மாதம் எழுதியிருந்தேன். வெடிப்பை அடைத்து, நீர்புகாப் பெயின்ட் இரண்டு தரம் அடித்தால் சரியாகிவிடும் என்று பதில் போட்டீர்கள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

கீழ்வீடு அப்பா காலத்துச் செங்கல் வீடு. கொங்கிறீட் மாடியை அதன் அத்திவாரம் தாங்காது என்று பொறியியலாளர் சொன்னபடியால்தான் பாரம் குறைந்த மரச்சட்டத்துக்கு வந்தோம். வெளிச்சுவருக்கு என்ன போடுவது என்ற பேச்சு வந்தபோது அம்மா பலகைதான் கேட்டார். உங்கள் விற்பனை அலுவலரோ, “பலகை எண்டா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எண்ணெய் பூச வேணும் அம்மா, வெயிலுக்கு நரைச்சும் போகும். பூச்சுப் பூசினா கல்வீடு மாதிரியே இருக்கும், பிறகு கை வைக்கத் தேவையில்லை” என்றார். நம்பினோம். மழைத்தண்ணீர் உள்ளே போனால் எந்த வழியால் வெளியே வரும், நனைந்த சுவர் எப்படிக் காயும் என்று அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் என்றுதான் உங்களிடம் வந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அனுபவமுள்ள தச்சு பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, யன்னலுக்குக் கீழே ஒன்றரை அடி அகலத்துக்குப் பூச்சை வெட்டிப் பார்த்தோம். பூச்சுக்குப் பின்னால் ஒட்டுப்பலகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தாள், அவ்வளவுதான். விரல் நுழையக்கூட இடைவெளி இல்லை. ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகக் கழன்று கையோடு வந்தது. அதன் பின்னாலிருந்த நிலைச்சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார், ஒரு அங்குலம் இறங்கியது. வெள்ளை நூல்நூலாகப் பூஞ்சணம். ஈரமானியில் அந்தச் சட்டம் 31 சதவீதம் காட்டியது. மழை படாத கிழக்குச் சுவரில் 17. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், 30ஐ நெருங்கினால் உளுக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு அது விருந்து என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய விஷயமா?

கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்த மழையைக் கடலிலிருந்து தூக்கி வந்து நேரே எங்கள் சுவரில் அடிக்கிறது. மரம் ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சீமெந்து அதோடு சேர்ந்து அசையாது, வெடிக்கும். யன்னல் மூலைகளிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்புகள் அப்படி வந்தவைதான். மயிரளவு வெடிப்பு தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கப் போதும். உள்ளே போன தண்ணீர் வடிய வழியில்லை, காயக் காற்றும் இல்லை. இந்த நிலையில் வெளியே நீர்புகாப் பெயின்டையும் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் பூட்டுப் போட்ட கதைதான்.

அறைப்பக்க ஜிப்சம் பலகையையும் கழற்றினோம். அங்கே பொலித்தீன் விரிப்பு ஒன்று இருந்தது. அதன் மரத்தைப் பார்த்த பக்கமெல்லாம் நீர்த்துளி. பனி கொட்டும் நாடுகளில் வீட்டுக்குள்ளிருக்கும் சூடான ஈரக்காற்று சுவருக்குள் போய்க் குளிராமலிருக்க உட்பக்கம் பொலித்தீன் போடுவார்கள். எங்கள் ஊரில் நிலைமை நேர்மாறு: ஈரமும் வெக்கையும் வெளியே, ஏசிக் குளிர் உள்ளே. வெளியிலிருந்து வரும் ஆவி அந்தக் குளிர்ந்த பொலித்தீனில் பட்டுத் தண்ணீராகிச் சட்டத்திலேயே வடிகிறது. குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்து வெள்ளவத்தையில் கட்டியிருக்கிறீர்கள். இதுதான் எனக்கு மிகவும் வேதனை.

கனடாவிலுள்ள என் தம்பியிடம் சொன்னபோது, அவர் இருக்கும் வன்கூவரில் 80களிலும் 90களிலும் கட்டிய மரச்சட்டக் குடியிருப்புகள் இப்படித்தான் உளுத்தன என்றார். 1998இல் முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பரட் தலைமையில் விசாரணை ஆணைக்குழுவே அமைத்திருக்கிறார்கள். நியூசிலாந்திலும் பதனிடாத பைன் மரச்சட்டத்தின் மேல் பூச்சுப் பூசிய வீடுகள் ஆயிரக்கணக்கில் ஒழுகி, 2002இல் அதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. இவ்வளவும் நடந்த பிறகு எங்களுக்குப் பூச்சுப் பூசினீர்கள்.

பூச்சே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஒட்டுப்பலகைக்கு வெளியே ஓர் அங்குல இடைவெளி விட்டு, அடியில் தண்ணீர் வடிய வழி வைத்து, யன்னல் தலையில் தகடு மடித்து, தனிப்பலகையில் வலை கட்டிப் பூசியிருந்தால் அது நின்றிருக்கும். பலகைக்கும் பராமரிப்பு உண்டு, கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணி வேண்டும், தெரியும். ஆனால் பலகைக்கு வருத்தம் வந்தால் வெளியே தெரியும். அந்த ஒன்றைக் கழற்றி மாற்றிவிடலாம். பூச்சுச் சுவர் பதினேழு மாதம் வெளியே வெள்ளையாகவே நின்றுகொண்டு உள்ளே அழுகியது. 78 வயது அம்மா பூஞ்சண மணத்தில் இருமி இருமி, ஆசையாகக் கேட்டுக் கட்டிய அறையை விட்டுக் கீழே வந்து விறாந்தையில் படுக்கிறார்.

ஆகவே, கடற்பக்கச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் பூச்சு முழுவதையும் அகற்றி, உளுத்த சட்டங்களைப் பதனிட்ட மரத்தால் மாற்றி, பொலித்தீனை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டுப் பலகை அடித்துத் தர வேண்டும். அந்தப் பக்கத் தாழ்வாரம் ஒரு அடிதான் நீளுகிறது. அதை இரண்டரை அடியாக்குங்கள். செலவு உங்களுடையது. மற்ற இரண்டு சுவர்களையும் ஈரமானி வைத்துப் பார்த்து எழுத்தில் அறிக்கை தாருங்கள். ஒக்டோபர் மழைக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதால் இரண்டு வாரத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் வெட்டிய சுவரின் படங்களோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

இன்னுமொன்று. இதே பொலித்தீனையும் பூச்சையும் வைத்து வேறு வீடுகளும் கட்டியிருப்பீர்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு இப்போதே அறிவியுங்கள். அவர்களுடைய சுவர்களும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்